மார்ச் மாதத்தை மட்டும் வைத்து ஒரு கோச்சை எடை போடாதீர்கள்

2013 ஏப்ரல் 1 அன்று அமெரிக்காவின் டென்வர் பல்கலைக்கழகம் தன் ஐஸ் ஹாக்கி கோச் ஜார்ஜ் குவாஸ்டெக்கியை வேலையிலிருந்து நீக்கியது. 19 சீசன் அங்கே கோச்சாக இருந்தவர். 443 வெற்றிகள். 2004, 2005 என்று அடுத்தடுத்து இரண்டு தேசியப் பட்டங்கள். நீக்கப்பட்ட அன்றைய கணக்குப்படி தொடர்ந்து 12 சீசன்களில் 20 அல்லது அதற்கு மேல் வெற்றி. வேறு எந்தக் கோச்சாக இருந்தாலும் அவர் பெயரில் ஒரு அரங்கம் கட்டலாமா என்று யோசித்திருப்பார்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2005-இல் பட்டம் வென்ற பிறகு, 2006, 2007 இரண்டு வருடமும் டென்வர் தேசியப் போட்டிக்கே தகுதி பெறவில்லை. அதன்பின் ஆறு வருடம் விடாமல் தகுதி பெற்றது. அந்த ஆறு வருடத்திலும் சேர்த்து ஒரே ஒரு ஆட்டத்தில்தான் ஜெயித்தது. ஐந்து முறை முதல் சுற்றிலேயே வெளியே. அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை நன்றாக ஆடுகிறார்கள், மார்ச் வந்தால் சுருண்டுவிடுகிறார்கள் என்பதுதான் ரசிகர்கள் எல்லோரும் சொன்ன புகார்.

இந்த இரண்டு கணக்கில் எது அந்த மனிதரின் உண்மையான மதிப்பெண்? பல வருடமாக என்னைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருக்கிற கேள்வி இது.

நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரன். ஹாக்கி மட்டையைப் பார்த்து வளர்ந்தவன். வேலைக்காக டென்வர் வந்த பிறகுதான் பனித்தரையில் ஸ்கேட் கட்டிக்கொண்டு ஆடும் ஹாக்கி அறிமுகம். இனி இந்தக் கட்டுரையில் ஹாக்கி என்று வருவதெல்லாம் அதுதான். அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியில் முதல் பிரிவு ஆண்கள் அணிகள் அறுபதுக்குச் சற்று அதிகம். சீசன் அக்டோபரில் தொடங்கும். ஒரு அணிக்கு 34 ஆட்டம் வரை அனுமதி. பெரும்பாலும் வெள்ளி, சனி இரண்டு இரவும் அதே எதிரணியோடு. மார்ச் கடைசியில் 16 அணிகள் தேசியப் போட்டிக்குப் போகும். ஒரு தோல்வி என்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். தொடர்ந்து நான்கு வெற்றி என்றால் பட்டம். கடைசி நான்கு அணிகளின் கட்டத்துக்கு ஃப்ரோஸன் ஃபோர் என்று பெயர்.

ஆறு மாத உழைப்பை ஒரு சனிக்கிழமை மாலை 60 நிமிடத்தில் தீர்மானிக்கிற ஏற்பாடு இது. கூடைப்பந்தில் ஒரு ஆட்டத்தில் நூற்றுக்கும் மேல் புள்ளிகள் விழும். வலுவான அணி தன் வலுவைக் காட்ட நேரம் இருக்கும். ஹாக்கியில் 2-1, 3-2 என்றுதான் முடியும். ஒரு கோல்கீப்பர் தன்னை நோக்கி வரும் நூறு ஷாட்டில் தொண்ணூறைத் தடுத்தால் சுமார் ரகம். ஒரு இரவு மட்டும் முப்பத்தைந்தில் முப்பத்தைந்தையும் தடுத்துவிட்டால் எதிர்ப்பக்கத்துக் கோச் எவ்வளவு பெரிய மூளைக்காரராக இருந்தும் பயனில்லை. பக் (பந்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் வட்டு) யாரோ ஒருவனின் ஸ்கேட்டில் பட்டுத் திரும்பும், கம்பத்தில் பட்டு உள்ளே போகும், அதே கம்பத்தில் பட்டு வெளியே வரும். அந்த அரை அங்குலத்தில் கோச்சுக்கு எந்தப் பங்கும் கிடையாது.

டென்வரின் அந்த ஆறு தோல்விகளையும் ஒருநாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 2008-இல் விஸ்கான்சினிடம் தோல்வி; ஆட்டம் நடந்ததே விஸ்கான்சினின் சொந்த ஊரான மேடிசனில். 2009-இல் ஒஹாயோவின் மியாமி பல்கலைக்கழகத்திடம். 2010-இல் ரோச்செஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரியான ஆர்.ஐ.டி.யிடம் 2-1. 2011-இல் ஒரு ஆட்டம் ஜெயித்து, அடுத்ததில் நார்த் டகோட்டாவிடம் 6-1 என்று செம அடி. 2012-இல் ஃபெரிஸ் ஸ்டேட்டிடம் மறுபடியும் 2-1. 2013-இல் நியூ ஹாம்ப்ஷயரிடம் 5-2.

இதில் யாரும் அதிகம் பேசாத ஒரு விஷயம் இருக்கிறது. மியாமி, ஆர்.ஐ.டி., நார்த் டகோட்டா, ஃபெரிஸ் ஸ்டேட், நான்குமே அந்தந்த வருடம் ஃப்ரோஸன் ஃபோர் வரை போன அணிகள். மியாமியும் ஃபெரிஸ் ஸ்டேட்டும் இறுதி ஆட்டமே ஆடின. ஆர்.ஐ.டி. என்ற பெயரைக் கேட்டு "இவங்ககிட்டயா தோத்தாங்க" என்று உதட்டைப் பிதுக்கியவர்கள், அதே ஆர்.ஐ.டி. மறுநாள் நியூ ஹாம்ப்ஷயரை 6-2 என்று அடித்ததை நினைத்துப் பார்க்கவில்லை. ஆறு தோல்வியில் என் கணக்கில் கோச்சின் தலையில் தைரியமாகப் போடக்கூடியவை இரண்டுதான். நார்த் டகோட்டா ஆட்டத்தில் டென்வர் தொடக்கத்திலிருந்தே ஓட்டத்தில் பின்தங்கியிருந்தது. நியூ ஹாம்ப்ஷயர் ஆட்டத்தில் தற்காப்பு ஒழுங்காகவே இல்லை.

குவாஸ்டெக்கி போன அதே மாதம், சரியாக 12 நாள் கழித்து, தேசிய இறுதி ஆட்டம். யேலும் குவினிபியாக்கும் மோதின. இரண்டும் கனெக்டிகட் மாநிலத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர்க் கல்லூரிகள். குவினிபியாக் அந்த வருடம் நாட்டின் முதல் இடத்து அணி. அந்த சீசனில் அதற்கு முன் மூன்று முறை யேலைத் தோற்கடித்திருந்தது. யேலோ கடைசி ஆளாக, கதவு மூடும் நேரத்தில் 16 அணிகளுக்குள் நுழைந்தது. முதல் சுற்றில் மினசோட்டாவோடு சமனாகி, முதல் கோல் போடுபவருக்கே வெற்றி என்ற ஓவர்டைம் போய், ஓவர்டைம் தொடங்கிய ஒன்பதாவது விநாடியில் கோல் போட்டுத் தப்பியது. இறுதி ஆட்டத்தில் யேல் 4-0.

குவினிபியாக் கோச் ராண்ட் பெக்னால்ட் அந்த ஒரு இரவில் மட்டமான கோச் ஆகிவிட்டாரா? அவர் 1994-இல் அந்தக் கல்லூரிக்கு வந்தபோது அது முதல் பிரிவு அணியே இல்லை. வேலை பகுதி நேரம். பகலில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் வரலாறு பாடம் எடுத்துவிட்டு, ரிங்க் காலியாகும் ராத்திரி வேளையில் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். 2013-இல் இறுதியில் தோற்றார், 2016-இல் மறுபடி தோற்றார். 2023-இல் மினசோட்டாவோடு இறுதி ஆட்டம் 2-2 என்று ஓவர்டைம் போனது. பத்தாவது விநாடியில் கோல். பட்டம். அந்தப் பத்து விநாடி வேறு பக்கம் போயிருந்தால் இன்றைக்கும் அவரைப் பற்றி "இறுதியில் ஜெயிக்கத் தெரியாதவர்" என்றுதான் பேசியிருப்பார்கள். அந்த மனிதர் கட்டிய அணி இரண்டு கணக்கிலும் அதேதான்.

இதைவிடக் கொடுமையான உதாரணம் 2009 இறுதி ஆட்டம். மியாமி 3-1 என்று முன்னால். ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கிறது. பாஸ்டன் பல்கலைக்கழகம் கோல்கீப்பரை எடுத்துவிட்டு ஆறாவது ஆட்டக்காரரை இறக்கியிருந்தது. கடைசி நிமிடத்துக்குள் ஒரு கோல், 17 விநாடி மிச்சம் இருக்கும்போது இன்னொரு கோல். ஓவர்டைமில், எதிரணி வீரர் மேல் பட்டு எகிறி உள்ளே விழுந்த பக்கில் 4-3. பாஸ்டன் கோச் ஜாக் பார்க்கருக்கு அது மூன்றாவது பட்டம். மியாமி கோச் ரிக்கோ பிளாசிக்கு அந்தப் பட்டம் கடைசி வரை கிடைக்கவே இல்லை. 2019-இல், 20 சீசனுக்குப் பிறகு மியாமி அவரை அனுப்பிவிட்டது. கடைசிச் சில வருடம் அணி நிஜமாகவே மோசமாக ஆடியது; அனுப்பியது தவறென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 17 விநாடியைக் கடந்திருந்தால் அவருடைய 20 வருடத்தையும் வேறு மாதிரி எழுதியிருப்பார்கள்.

சரி, மார்ச் வேண்டாம் என்றால் எதைப் பார்ப்பது? வெற்றி சதவீதத்தையா? அதிலும் பெரிய ஓட்டை இருக்கிறது.

நம் ஊரில் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் சில பள்ளிகள் முழுப்பக்க விளம்பரம் கொடுக்கும். பத்தாம் வகுப்பில் 480-க்கு மேல் எடுத்தவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துச் சேர்த்துக்கொண்டு, பிறகு நூறு சதவீதத் தேர்ச்சி என்று பெருமை பேசும். உள்ளே போனபோது என்ன மார்க், வெளியே வந்தபோது என்ன மார்க் என்று யாரும் கேட்பதில்லை. கல்லூரி ஹாக்கியிலும் இதே கதைதான். மிச்சிகன், பாஸ்டன் காலேஜ், மினசோட்டா மாதிரி இடங்களுக்கு 18 வயதிலேயே என்.எச்.எல். (வட அமெரிக்கத் தொழில்முறை ஹாக்கி லீக்) அணிகள், இளம் ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், முதல் சுற்றில் எடுத்த பையன்கள் தாமாக வந்து சேருவார்கள். யேல், கார்னெல், ஹார்வர்ட் போன்ற ஐவி லீக் கல்லூரிகளில் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. அவர்களுக்கு 29 ஆட்டம்தான் அனுமதி, சீசனும் தாமதமாகத் தொடங்கும். இந்த இருவரின் வெற்றிக் கணக்கைப் பக்கத்தில் வைத்துக் கோச்சுகளுக்கு மார்க் போட்டால் அது நியாயமே இல்லை.

2021-22 மிச்சிகன் அணியைப் பாருங்கள். 2021 என்.எச்.எல். டிராஃப்டின் முதல் ஐந்து இடங்களில் நான்கு பேர் அந்த ஒரே அணியில் இருந்தார்கள். ஃப்ரோஸன் ஃபோரில் டென்வரிடம் ஓவர்டைமில் தோற்றார்கள். 2024-இல் பாஸ்டன் காலேஜ். முதல் சுற்று டிராஃப்ட் ஆட்டக்காரர்கள் நிறைந்த அணி, நாட்டின் முதல் இடம். இறுதியில் அதே டென்வர் 2-0 என்று முடித்துவைத்தது. டென்வர் கோல்கீப்பர் மேட் டேவிஸ் 35 ஷாட்டையும் தடுத்தார். அந்தப் போட்டியின் நான்கு ஆட்டத்திலும் சேர்த்து டென்வர் வாங்கிய கோல் மூன்றே மூன்று.

அந்த இறுதி ஆட்டத்தை வைத்து நான் டென்வர் கோச்சைப் புகழ்ந்தால், மேலே எழுதியதையெல்லாம் நானே அழித்தது போலாகும். கோல்கீப்பர் கைகொடுத்த ஆட்டம் அது. நான் பார்ப்பது வேறு.

பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே இருக்கும் மேக்னஸ் அரங்கில் எனக்குப் பிடித்த இடம் டென்வர் பெஞ்சுக்கு நேர் எதிர்ப்பக்கம், சற்று உயரத்தில். அங்கிருந்து பார்த்தால் கோச்சின் கை தெரியும், முகம் தெரியும், யாரை எப்போது அனுப்புகிறார் என்பது தெரியும். ஒரு சீசன் நவம்பரில் பார்த்தது இது. முதலாண்டுப் பையன் ஒருவன், டிஃபென்ஸ்மேன், தன் கோலுக்குப் பின்னாலிருந்து பக்கை எடுத்தவன் இரண்டு பக்கமும் பார்க்காமல் நடுவில் தள்ளிவிட்டான். நேராக எதிரணி மட்டைக்குப் போனது. கோல். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பெஞ்சுக்கு வந்து கடைசி ஓரத்தில் உட்கார்ந்தான். நிறையக் கோச்சுகள் அந்தப் பையனை அதோடு மறந்துவிடுவார்கள். மிச்ச ஆட்டம் முழுக்க பெஞ்சுதான். இங்கே உதவிக் கோச் பின்னாலிருந்து குனிந்து, கையில் இருந்த டேப்லெட்டில் அந்தக் காட்சியைக் காட்டினார். விரலால் ஒரே ஒரு இடத்தைத் தொட்டார், தோளில் ஒரு தட்டு. இரண்டு ஷிஃப்ட் (ஒருமுறை பெஞ்சிலிருந்து இறங்கி ஆடிவிட்டுத் திரும்பும் நேரம்) தள்ளி அதே பையன் மறுபடி பனித்தரையில். அதே மூலை, அதே மாதிரி பக், பின்னால் அதே மாதிரி துரத்தி வரும் ஆள். இந்த முறை தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தான், பலகையை ஒட்டிச் சுழற்றி வெளியே அனுப்பினான். கைதட்டல் எதுவும் இல்லை. யாருக்கும் அது ஒரு நிகழ்ச்சியாகவே படவில்லை. பிப்ரவரியில் அந்தப் பையன் பெனால்டி கில்லில் (தண்டனையால் ஒரு ஆள் குறைந்து தற்காக்கும் நேரத்தில்) முதல் ஜோடியாக இறங்கிக்கொண்டிருந்தான்.

என் அளவுகோல் இதுதான். நவம்பரில் செய்யத் தெரியாத ஒன்றைப் பிப்ரவரியில் எத்தனை பேர் செய்கிறார்கள்? முதல் லைன் (சேர்ந்தே இறங்கும் முன்வரிசைக் கூட்டணி) ஆட்டக்காரர்களை விடுங்கள். அவர்கள் எங்கே போனாலும் ஆடுவார்கள். மூன்றாவது, நான்காவது லைன் பையன்களையும் கடைசி ஜோடி டிஃபென்ஸையும் பாருங்கள். ஒரு ஆள் குறைவாக ஆடும் அந்த இரண்டு நிமிடத்தைப் பாருங்கள். பெனால்டி கில்லில் திறமையை விட நான்கு பேரும் சேர்ந்து நகர்வதுதான் முக்கியம். பயிற்சி நடந்ததா இல்லையா என்பது அங்கே பளிச்சென்று தெரியும். கடைசி இருபது நிமிடமான மூன்றாவது பீரியடில் ஒரு கோல் முன்னால் இருக்கும்போது அணி பயந்து ஒடுங்குகிறதா, இல்லை தொடர்ந்து பக்கைத் துரத்துகிறதா என்று பாருங்கள். ஷாட் கணக்கையும் பார்க்கலாம். கோலாவது அதிர்ஷ்டம், ஆனால் 34 ஆட்டத்திலும் எதிரணியை விட அதிக ஷாட் அடிப்பது அதிர்ஷ்டத்தில் வராது.

அந்த வகையில் என்னை மிகவும் கவர்ந்த வேலை மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் கிரெக் கார்வெல் செய்தது. 2016-17 அவருடைய முதல் சீசன்: 5 வெற்றி, 29 தோல்வி, 2 சமன். அடுத்த சீசன் 17 வெற்றி. அதற்கடுத்தது 31 வெற்றி, தேசிய இறுதி. 2021-இல் பட்டமே வந்தது. கேல் மக்கார் போல ஒரு ஆட்டக்காரர் கையில் இருந்தார் என்பார்கள், உண்மைதான். ஆனால் மக்கார் 2019-லேயே என்.எச்.எல்.லுக்குப் போய்விட்டார். பட்டம் வந்தது அவர் போன இரண்டு வருடம் கழித்து.

முதல் சீசனின் 29 தோல்வியைப் பார்த்துக் கார்வெலை அனுப்பியிருந்தால்? அவ்வளவு அவசரம் யாருக்கும் இருக்காது என்று நினைக்காதீர்கள். ரெட் பெரன்சன் 1984-இல் மிச்சிகனுக்கு வந்தார். என்.எச்.எல்.லில் ஒரே ஆட்டத்தில் ஆறு கோல் போட்டவர், அங்கே கோச்சாகவும் இருந்தவர். முதல் மூன்று சீசன்: 13 வெற்றி 26 தோல்வி, 12 வெற்றி 26 தோல்வி, 14 வெற்றி 25 தோல்வி. தேசியப் போட்டிக்கு முதன்முதலாகத் தகுதி பெற்றது 1991-இல். அதாவது ஏழாவது சீசனில். அதற்குப் பிறகு 2012 வரை 22 வருடம் விடாமல் தகுதி பெற்றார்கள். 1996, 1998 இரண்டிலும் பட்டம். ஜெர்ரி யார்க் 1994-இல் பாஸ்டன் காலேஜுக்கு வந்தபோதும் முதல் மூன்று சீசனிலும் தோல்விதான் அதிகம். நான்காவது சீசனில் இறுதி ஆட்டம், 2001-இல் பட்டம், அதன்பின் அதே கல்லூரிக்கு மேலும் மூன்று. 2022-இல் ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் மொத்தம் 1,123 வெற்றிகள்.

இந்த இடத்தில் என் நண்பர் ஒருவர் எப்போதும் மறிப்பார். மதுரைக்காரர், என்னைவிட இளையவர், டென்வர் ஆட்டங்களுக்கு என்னோடு வருபவர். "அண்ணே, நீங்க பெரன்சனையும் யார்க்கையும் மட்டும் சொல்றீங்க. மூணு வருஷம் தோத்து, நாலாவது வருஷமும் தோத்து, அப்படியே காணாமப் போன கோச் எத்தனை பேரு? அவங்க பேரு உங்களுக்குத் தெரியுமா?" என்பார். நியாயமான கேள்வி. பொறுமைக்குப் பலன் கிடைத்த இடங்கள் மட்டும்தான் நம் நினைவில் நிற்கின்றன. பலன் கிடைக்காத இடத்தில், அந்தக் காத்திருந்த வருடங்களில் படித்த பையன்கள் நான்கு வருடமும் தோற்றுவிட்டே போனார்கள். அதனால் காலக்கெடு இல்லாமல் காத்திருக்கச் சொல்லவில்லை. ஒரு கோச்சை, அவர் தேடிப் பிடித்துச் சேர்த்த முதல் பேட்ச் நான்காம் ஆண்டுக்கு வரும்வரை விட வேண்டும். அதுவரை ஆடுவது பாதிக்குப் பாதி முந்தைய கோச்சின் அணி.

டென்வர் கதையே அதற்குச் சாட்சி. குவாஸ்டெக்கிக்குப் பின் ஜிம் மாண்ட்கோமரி வந்தார். 2017-இல் பட்டம் வென்றார். அந்த அணியின் கேப்டன் வில் பட்சர். நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹோபி பேக்கர் விருது அந்த வருடம் அவருக்குத்தான். பட்சர் கல்லூரிக்குள் காலடி வைத்தது 2013 இலையுதிர் காலத்தில். அந்த வயதுப் பையன்களைப் பார்த்து, பேசி, வீட்டுக்காரர்களைச் சம்மதிக்க வைக்கும் வேலையெல்லாம் சேருவதற்கு வெகு முன்பே நடந்துவிடும். அதைச் செய்தது பழைய கோச்சின் கூட்டம். அவனை நான்கு வருடம் வளர்த்தது புதிய கோச். 2017 பட்டத்தில் யாருக்கு எத்தனை சதவீதம் என்று என்னால் பிரிக்க முடியவில்லை. பிரித்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் நம்பவும் மாட்டேன்.

நண்பரின் அடுத்த வாதம் இன்னும் கூர்மையானது. "அண்ணே, அவரை அனுப்பின பிறகு 2017, 2022, 2024னு மூணு பட்டம் வந்துருச்சு. மொத்தம் பத்து. நாட்டுலயே அதிகம். அப்ப அனுப்பினது சரிதானே?"

சரியில்லை என்றுதான் இன்றும் சொல்வேன். அடுத்து வந்தவர்கள் அருமையான கோச்சுகள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பின்னால் வந்த பட்டத்தைக் காட்டி அன்றைய முடிவை நியாயப்படுத்துவது, ஒரு மார்ச் தோல்வியைக் காட்டிக் கோச்சை நீக்குவதற்கு இணையான தவறு. இரண்டிலும் பார்ப்பது கடைசியில் விழுந்த எண்ணை மட்டும். 2022 இறுதி ஆட்டத்தில் முதல் இரண்டு பீரியடிலும் சேர்த்து டென்வர் அடித்த ஷாட் பத்தைத் தொடவில்லை. மினசோட்டா ஸ்டேட் 1-0 என்று முன்னால். மூன்றாவது பீரியடில் ஐந்து கோல், 5-1. இருபது நிமிடத்தில் ஒரு பட்டம் இந்தப் பக்கம் சாய்ந்தது. தோற்ற கோச் மைக் ஹேஸ்டிங்ஸ், மார்ச்சில் ஜெயிக்கவே தெரியாதவர் என்று பல வருடம் பேச்சு வாங்கியவர்; 2015-இல் நாட்டின் முதல் இடத்தோடு போய் ஆர்.ஐ.டி.யிடம் 2-1 என்று தோற்றவர். 2021-இல் முதன்முதலாக ஒரு தேசியப் போட்டி ஆட்டத்தை ஜெயித்து நேராக ஃப்ரோஸன் ஃபோர் போனார். ஒரே இரவில் அவருக்குப் புதிதாக ஏதும் கற்றுக்கொடுத்தது யார்?

ரிங்குக்கு வெளியே நடப்பதும் கணக்கில் வர வேண்டும். முன்னால் சொன்ன அந்த மிச்சிகன் அணி ஃப்ரோஸன் ஃபோர் போன அதே வருடம் ஆகஸ்டில், அணிக்குள் ஆட்களை நடத்தும் விதம் பற்றி வெளியாரை வைத்து நடத்திய விசாரணைக்குப் பிறகு, பல்கலைக்கழகம் தன் கோச்சை விலக்கிவிட்டது. ஸ்கோர்போர்டு மட்டும் பார்த்திருந்தால் அது யாருக்கும் புரிந்திருக்காது. எங்கள் தெருவில் ஒரு அமெரிக்கக் குடும்பம். அவர்கள் மகன் வேறொரு மாநிலத்தில் ஒரு கல்லூரி அணியில் இருந்தான். மூன்றாம் ஆண்டில் முழங்கால் போய்விட்டது. அறுவை சிகிச்சை நடந்த வாரத்துக்குப் பிறகு கோச் ஒருமுறை கூட அவனைக் கூப்பிட்டுப் பேசவில்லை என்று அவன் அம்மா சொன்னபோது அந்தக் குரலில் இருந்த வலி எனக்கு மறக்கவில்லை. அந்த அணி அந்த சீசனில் நன்றாகவே ஆடியது.

அதற்கு நேர்மாறான ஒன்று டென்வரில் நடந்தது. 2008-இல் டேவிட் கார்ல் என்ற 18 வயதுப் பையன் டென்வரில் சேருவதாக இருந்தான். டிஃபென்ஸ்மேன். என்.எச்.எல். டிராஃப்டுக்குச் சற்று முன் நடந்த மருத்துவப் பரிசோதனையில் இதயத் தசை தடித்துப்போகும் நோய் என்று தெரிந்தது. ஆட்டம் அதோடு முடிந்தது. டாம்பா பே அணி மரியாதைக்காகக் கடைசிச் சுற்றில் அவன் பெயரை வாசித்தது. இனி ஒரு ஷிஃப்ட் கூட ஆட முடியாத பையனுக்கு டென்வர் ஸ்காலர்ஷிப்பை நிறுத்தவில்லை. படிக்கும் நான்கு வருடமும் அவனை மாணவ உதவிக் கோச்சாகக் கூடவே வைத்துக்கொண்டார்கள். அப்போது டென்வர் கோச் குவாஸ்டெக்கி. அந்தப் பையன்தான் 2018-இல், 28 வயதில், டென்வர் தலைமைக் கோச் ஆனவர். 2022, 2024 பட்டம் இரண்டும் அவர் கையால் வந்தவை.

குவாஸ்டெக்கியின் மதிப்பெண்ணில் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? வெற்றி தோல்விப் பட்டியலில் இதற்கு இடமே இல்லை. 2004 இறுதி ஆட்டத்துக்கு முன், விதியை மீறிய ஒரு மூத்த முன்வரிசை ஆட்டக்காரரை அவர் வெளியே உட்கார வைத்தார். மெய்ன் அணியோடு ஆட்டம் 1-0. கடைசி ஒன்றரை நிமிடம் டென்வருக்கு இரண்டு ஆள் குறைவு. மெய்ன் கோல்கீப்பரையும் எடுத்துவிட்டு ஆறு பேரை இறக்கியது. ஆறுக்கு மூன்று. தாக்குப்பிடித்தார்கள். அன்று ஒரு பக் உள்ளே போயிருந்தால், நல்ல ஆட்டக்காரனை வெளியே உட்கார வைத்துப் பட்டத்தைத் தொலைத்த முட்டாள் என்று பெயர். உள்ளே போகாததால் கொள்கை மாறாத கோச் என்று பெயர். ஆட்டம் தொடங்கும் முன்பே எடுத்த முடிவு அது. சரியா தவறா என்பதும் அப்போதே தீர்ந்துவிட்டது.

"அப்ப பட்டமே முக்கியமில்லையா?" என்று நண்பர் கேட்டார். முக்கியம்தான். ஆசைப்பட்டு ஏங்கித்தான் நானும் பார்க்கிறேன். 2024 இறுதி முடிந்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. ஆனால் பட்டம் கிடைத்தால் கொண்டாடுவது வேறு, அதை வைத்து ஒரு மனிதருக்கு மார்க் போடுவது வேறு.

இப்போது இந்த வேலை இன்னும் சிக்கலாகிவிட்டது. 2021 முதல், ஆட்டக்காரர்கள் ஒரு வருடம் உட்காராமலேயே கல்லூரி மாறலாம் என்று விதி தளர்ந்தது. 2025 ஆகஸ்டு முதல் கனடாவின் மேஜர் ஜூனியர் லீக்கில் ஆடிய பையன்களுக்கும் அமெரிக்கக் கல்லூரிக் கதவு திறந்துவிட்டது. அதற்கு முன் அங்கே ஒரு ஆட்டம் ஆடினாலே கதவு அடைப்பு. ஏப்ரலில் அணி கலைந்து ஆகஸ்டில் புது அணி சேர்கிறது. நான் சொன்ன நான்கு வருடக் கெடுவுக்கு இனி அர்த்தம் குறைவு. நான்கு வருடமும் ஒரே கோச்சிடம் இருக்கப்போகிற பையன்களே குறைந்துகொண்டு வருகிறார்கள். முதல் சீசனிலேயே முழு அணியையும் மாற்றலாம் என்பதால் கல்லூரி நிர்வாகங்களின் பொறுமை இன்னும் குறையும் என்றுதான் எனக்குப் படுகிறது.

என்னிடம் மிச்சமிருப்பது ஒரே சீசனுக்குள் பார்க்கக்கூடிய விஷயங்கள்தான். வரும் அக்டோபரில் முதல் வார ஆட்டத்தில் பெனால்டி கில்லுக்கு யார் யார் இறங்குகிறார்கள், நான்காவது லைனில் யார் என்று குறித்து வைக்கப்போகிறேன். பிப்ரவரியில் அதே பெயர்களைத் தேடுவேன். இன்னொன்றும் பார்ப்பேன்: சீசன் முடிந்ததும், அதிகம் ஆடக் கிடைக்காத பையன்களில் எத்தனை பேர் வேறு இடம் தேடிப் போகிறார்கள், எத்தனை பேர் இங்கேயே இருக்கிறேன் என்கிறார்கள் என்று. நண்பர் மார்ச் முடிவைக் குறித்து வைக்கட்டும். இருவர் நோட்டையும் ஏப்ரலில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பேசுவதாக ஒப்பந்தம்.